நான் சொல்லிக் கொடுத்தது

இல்லண்ணே, மேல வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உங்க முட்டியில இடிக்குதா? இருங்க, இப்படித் திருப்பி வச்சுக்கிறேன். கண்டக்டரும் அதைத்தான் சொன்னார், கேரியர்ல போடுங்கன்னு. கேரியர்ல போட்டா பல்லடம் தாண்டுறதுக்குள்ள உள்ள ஏதாவது ஒண்ணு ஆட்டம் கண்டுரும். அப்புறம் மறுபடியும் கோயம்புத்தூருக்கு ஓடியாரணும். மறுபடியும் ஓடியார எனக்கு மூஞ்சி இல்லண்ணே.

கம்ப்யூட்டர்தான். சி.பி.யு.ன்னு சொல்லுவோம்ல, அந்தப் பொட்டி. ஒட்டன்சத்திரத்துல நமக்குக் கடை. பாணி கம்ப்யூட்டர்ஸ். என் பேரு தண்டபாணி, அதுல பாணியை மட்டும் போர்டுல போட்டுக்கிட்டேன். நீங்க திண்டுக்கல்லா? அப்ப எங்க ஊர் காய்கறி மார்க்கெட்டைப் பாத்திருப்பீங்க. அந்தக் கமிஷன் கடைகள்ல பில்லு போட்டுக்கிட்டு இருக்குற மெஷின்ல பாதிக்கு மேல நம்ம மெஷின்தான். நான் செஞ்சது.

இதுல பெரிய சூத்திரம் ஒண்ணும் இல்லண்ணே. கமிஷன் கடைக்காரருக்கு என்ன வேணும்? விவசாயிக்குச் சீட்டு அடிக்கணும், லாரிக்குப் பில்லு போடணும், சாயந்திரம் வரவு செலவு பாக்கணும். அதுக்கு எதுக்குப் பெரிய மெஷின்? சிட்டியில ஆபீசுகள்ல கழிச்சு விடுற மானிட்டர் நல்ல நிலைமையில கிடைக்கும், அதை எடுத்துக்கலாம். மதர்போர்டு சாதாரணமானது போதும். ஆனா டிஸ்க் புதுசாத்தான் இருக்கணும், பழசு ஆகாது. கரண்டு பிரிச்சுக் குடுக்குற பொட்டி இருக்கு பாருங்க, பவர் சப்ளை, அதுல மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. அதுல மிச்சம் பிடிச்சா மத்த எல்லாத்தையும் சேத்து எரிச்சிட்டுப் போயிரும். இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சா, கம்பெனி மெஷின் வாங்குற காசுல பாதிக்குக் குடுக்கலாம். அஞ்சாறு வருசம் அசையாம ஓடும்.

இதெல்லாம் அவ சொன்னது. எங்க வீட்டுல.

கையால மாட்டுறது மட்டும் அவதான். மத்ததெல்லாம் நான். ஆர்டர் பிடிக்கிறது, பேசுறது, சாமான் வாங்குறது, கொண்டுபோய் இறக்குறது. பேச்சு இல்லாம யாருண்ணே வாங்குவா? நீங்களே சொல்லுங்க.

அவ பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவ. நான் பி.ஏ. வரலாறு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் செல்போன் ரீசார்ஜ் கடைதான் வச்சிருந்தேன். வந்த புதுசுல, கடையில தூசி பிடிச்சுக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழட்டித் தரையில பரப்பி வச்சா. இனி இது தேறாதுன்னு நினைச்சுட்டேன். சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன், ஓடிக்கிட்டு இருக்கு. "இதே மாதிரி செஞ்சு விக்கலாம் மாமா"ன்னா. அப்படி ஆரம்பிச்சதுதான்.

கடைக்கு நடுவுல ஒரு திரை. முன்னால நான், பின்னால அவ. அது அவளா கேட்டதுதான்ணே, மார்க்கெட் ஆளுங்க வந்து போற இடம், பின்னாலயே இருந்துக்கிறேன்னு. கேட்டாளா, நான் சொன்னேனா... இருக்கட்டும். யாராவது வந்து விவரமா ஏதாவது கேட்டா எனக்குத் தெரியாது. அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். நான் "ம்ம்ம்"னு யோசிக்கிற மாதிரி போனைக் கையில எடுப்பேன். பின்னால இருந்து அவ பதிலைப் போன்ல அனுப்புவா. நான் அதைப் பாத்துட்டு நிமிந்து சொல்லுவேன். "தண்டபாணி யோசிக்காம வாயைத் திறக்க மாட்டாருய்யா"ன்னு பேரே வந்துருச்சு. சிரிக்கிறீங்க. நாங்களும் சிரிச்சிருக்கோம்ணே. சாயந்திரம் ஷட்டரை இறக்கிட்டு அவ சிரிச்ச சிரிப்பு... அப்ப சிரிக்கத்தான் செஞ்சா.

அப்புறம் அந்த வெங்காயம். வெங்காய மண்டியில குடுத்த மெஷின் எல்லாம் வரிசையா நின்னுபோச்சு. மட்டமான சாமானைப் போட்டுட்டான்னு என் சட்டையைப் பிடிக்க வந்துட்டாங்க. அவ ஒண்ணைக் கழட்டிப் பாத்தா, உள்ள ஒரு கைப்பிடி வெங்காயச் சருகு. சூடு தணிக்கச் சுத்துற காத்தாடி இழுத்து இழுத்து உள்ள அடைச்சு வச்சிருக்கு. அவ என்ன பண்ணா, பழைய கொசுவலையை வெட்டி, காத்து உள்ள போற இடத்துல எல்லாம் உருவுற மாதிரி செருகிக் குடுத்தா. வாரத்துக்கு ஒருக்கா உருவி உதறிட்டு மாட்டிக்கிட்டாப் போதும். அதுக்கப்புறம் ஒரு மெஷின் நிக்கல. பழனியில இருந்தெல்லாம் ஆள் வந்து "அந்தக் கொசுவலை மெஷின் குடுங்க"ன்னு கேட்டாங்க. எப்படிங்க இது தோணுச்சுன்னு கேட்டவங்ககிட்ட, படுத்துக்கிட்டுக் கொசுவலையைப் பாத்துக்கிட்டே இருந்தேன், தோணுச்சுன்னு சொன்னேன். கதை நல்லா இருந்துச்சு. சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்த மாதிரி ஆகிப்போச்சு.

தப்புதான். ஆனா அதுக்காக அவ போகலண்ணே. கோவிச்சுக்கிட்டும் போகல. வேலை கிடைச்சுது, போயிருக்கா. கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல. நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். பெட்டியைத் தூக்கி வச்சதே நான். கோவிச்சுக்கிட்டுப் போறவ புருசனைப் பெட்டி தூக்க விடுவாளா?

என்ன நடந்துச்சா?

பங்குனியில ஒரு விழா வச்சாங்க. கமிஷன் கடைக்காரங்க சங்கத்துக்குப் புது ஆபீஸ் கட்டுனாங்க. அங்க வைக்கிற மெஷின் எல்லாம் நம்மகிட்ட எடுத்தாங்க. திறப்பு விழாவுல எனக்குச் சால்வை போடுறதா நோட்டீசுல அடிச்சிருந்தாங்க. "நம்ம ஊர் கம்ப்யூட்டர் மேதை"ன்னு. நோட்டீசை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். படிச்சா. "நல்லா அடிச்சிருக்காங்க"ன்னா. அவ்வளவுதான். விழாவுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து பொம்பளைங்க பக்கம் உக்காந்தா.

மேடையில ஒரு மெஷினை வச்சு, தலைவர் கையால பட்டனை அமுக்கித் தொடங்கி வைக்கிற மாதிரி ஏற்பாடு. அமுக்கினார். பீப், பீப், பீப்னு கத்துது. திரையில ஒண்ணும் வரல. மறுபடியும் அமுக்கினார். கத்துது. சனமெல்லாம் பாக்குது, லோக்கல் டி.வி. கேமரா வேற. நான் கிட்டப் போய் மானிட்டரைத் தட்டுறேன், ஒயரை ஆட்டுறேன். வேர்த்து ஊத்துது. போனைக் கையில எடுத்தேன், பழக்கதோஷம். அப்புறம்தான் உறைச்சுது, திரைக்குப் பின்னால இன்னைக்கு யாரும் இல்லன்னு.

அவ எந்திரிச்சு வந்தா. செருப்பை ஓரமாக் கழட்டிட்டு மேடை ஏறினா. சங்கத்துக் கணக்குப்பிள்ளைகிட்ட "பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்குங்களா"ன்னு கேட்டா. மூடியைக் கழட்டினா, மெமரின்னு ஒரு சின்னப் பட்டையை உருவினா, அதோட பல்லுல ரப்பரை வச்சு நாலு தேய் தேய்ச்சா, திருப்பி அழுத்தினா. பட்டனை அமுக்கினா. வந்துருச்சு. வண்டியில வந்த குலுக்கல்ல அது நகந்திருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். தலைவர் மைக்கை வாங்கி, "யாருப்பா இந்தப் பொண்ணு, பெரிய கைகாரியா இருக்கும் போலயே?"ன்னார்.

அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே. இவதான் எல்லாத்தையும் செஞ்சான்னு. சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சால்வையை அவளுக்குப் போட்டிருப்பாங்க, அவ்வளவுதான். குடியா முழுகிப் போயிருக்கும்? நான் தலைவர் கையில இருந்து மைக்கை வாங்கினேன். வாங்கிச் சொன்னேன்: "நம்ம வீட்டுலதாங்க. வீட்டுல சும்மாதானே இருக்கான்னு நான் சொல்லிக் கொடுத்தது."

எல்லாரும் சிரிச்சாங்க. அவ குனிஞ்சு மூடியை மாட்டிக்கிட்டு இருந்தா. அவ கையில இருந்து ஒரு திருகாணி கீழ விழுந்து உருண்டு போச்சு. நாலு வருசத்துல அவ ஒரு திருகாணியைக் கீழ போட்டு நான் பாத்ததில்ல. அதைத் தேடவும் இல்ல. இறங்கிப் போய் உக்காந்துட்டா.

வீட்டுக்கு வந்து சேலையை மடிச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டா. "சும்மாவா இருந்தேன் மாமா?"

"மேடையில அப்படித்தான் பேசணும்"னேன்.

"சரி"ன்னா.

சண்டை போட்டிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசியிருப்பேன். மனசு ஆறியிருக்கும். அவ சரின்னுட்டா. மறுநாளும் கடைக்கு வந்தா, கையில இருந்த ஆர்டரை எல்லாம் செஞ்சு முடிச்சா. முடிச்சிட்டு, வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், வரச் சொல்லிட்டாங்கன்னா. லேடீஸ் ஹாஸ்டல்ல இடமும் பாத்துட்டாளாம். எப்ப எழுதிப் போட்டாளோ.

ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசுறாங்க. எங்களுக்குக் குழந்தை இல்லண்ணே. அதுதான் காரணம், அவகிட்ட ஏதோ குறை, நான்தான் அனுப்பிட்டேன்னு ஒரு பேச்சு. எங்க அத்தை ஒருத்தி வந்து என் தோளைத் தட்டி, "விடு தம்பி, காலம் இருக்கு"ன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போகுது. நான் இல்லன்னு சொல்லல. ஆமான்னும் சொல்லல. காப்பியைக் குடிச்சேன். இதை நான் அவகிட்டச் சொல்லலண்ணே. உங்ககிட்டச் சொல்றேன். நீங்க திண்டுக்கல்ல இறங்கிப் போயிருவீங்க.

இந்த மெஷினா? இது ஒரு எடைமேடைக்காரருக்கு. அவசரம்னார். எவ்வளவு நாள்தான் ஆர்டர் வேண்டாம் வேண்டாம்னு சொல்றது? இத்தனை வருசம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம், செஞ்சிருவோம்னு இறங்கினேன். போன்ல வீடியோ பாத்துப் பாத்து மாட்டினேன். எல்லாம் மாட்டி முடிச்சுப் பட்டனைப் போட்டா ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில மட்டும் ஒண்ணும் வரல. ரப்பர் போட்டுத் தேய்ச்சேன். தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு ரப்பரே தீந்து போச்சு. பழனியில ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கலாம். ஆனா பாணி கம்ப்யூட்டர்ஸ் தண்டபாணி மெஷினைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தன் கடைக்கு வந்தான்னா மார்க்கெட் பூரா பரவிரும். அதான் இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, அவளுக்கு லீவு, விடியக்காலையில கிளம்பிட்டேன். மெஷினுக்காகத்தான் போனேன்.

ஹாஸ்டல் வாசல்ல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. "யாரைப் பாக்கணும்?"னாங்க.

"எங்க வீட்டுல"ன்னேன்.

"எல்லாரும் யாரோ ஒருத்தர் வீட்டுலதான். பேரு சொல்லுங்க."

"வசுமதி"ன்னேன். அண்ணே, சத்தியமாச் சொல்றேன், அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி ரொம்ப நாளாச்சு. வீட்டுல "இந்தா"தான், "ஏ புள்ள"தான். மத்தவங்ககிட்ட "வீட்டுல"தான். வேற யாரோ ஒரு பொம்பளையைக் கேக்குற மாதிரி இருந்துச்சு.

வந்தா. கொஞ்சம் இளைச்சிருந்தா. கழுத்துல கம்பெனி அட்டை, லீவு நாள்லயும் மாட்டியிருந்தா. என்னைப் பாத்தா, கையில இருந்த பொட்டியைப் பாத்தா. "சாப்பிட்டீங்களா மாமா?"ன்னா. அந்த ஹால்ல ஒரு மேசை இருந்துச்சு, அதுல வச்சுத் திறந்தா. உள்ள ஒரு பார்வைதான் பாத்தா, அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. மூஞ்சியில தெரிஞ்சுது. ஆனா கையை வைக்கல.

"நீங்களே பாருங்க, எது விட்டுப் போயிருக்கு?"

பாத்தேன். எல்லாம் ஒரே ஒயரா இருக்கு. தெரியல. அவ என் விரலைப் பிடிச்சு, உள்ள ஒரு மூலையில கொண்டுபோய் வச்சா. சின்னதா நாலு ஓட்டை போட்ட ஒரு இடம், காலியா இருந்துச்சு.

"பிராசஸருக்குன்னு தனியாக் கரண்டு வேணும் மாமா. போர்டுக்குக் குடுத்திருக்கீங்க, ஃபேனுக்குக் குடுத்திருக்கீங்க. வேலை செய்யுறதுக்குக் குடுக்கல."

அவ அதைச் சாதாரணமாத்தான் சொன்னா. பாடம் சொல்ற மாதிரி. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அந்த ஒயரை என்னையே மாட்டச் சொன்னா. மாட்டினேன். வாசல்ல இருந்த அம்மாவோட மானிட்டரைக் கேட்டு வாங்கி மாட்டினா, வந்துருச்சு.

அதுக்குள்ள ஹாஸ்டல் பிள்ளைங்க நாலஞ்சு பேர் சுத்தி நின்னுட்டாங்க. அதுல ஒரு பொண்ணு, கண்ணாடி போட்ட பொண்ணு, "அண்ணா, அக்கா சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு இதெல்லாம் நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாமே! எங்க சென்டர்லயே அக்காதான் ஃபர்ஸ்ட், தெரியுமா? உங்ககிட்டயும் கொஞ்சம் கத்துக்கணும்ணா"ன்னுச்சு.

நான் அவளைப் பாத்தேன். அவ மூடியை மாட்டிக்கிட்டு இருந்தா. நிமிரல.

அப்பவாவது சொன்னேனா? கேளுங்க. சுத்தி நிக்கிறது பூராவும் சின்னப் பிள்ளைங்க. சால்வை இல்ல, தலைவர் இல்ல, கேமரா இல்ல, எனக்கு நட்டம்னு ஒண்ணும் இல்ல. சிரிச்சேண்ணே. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"ன்னு, பெரிய மனுசன் அடக்கமாச் சொல்லுவான் பாருங்க, அப்படிச் சிரிச்சேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தா. ஒரு பக்கம் அவளும் பிடிச்சுக்கிட்டா பொட்டியை. "ஏன் அந்தப் பிள்ளைங்ககிட்ட அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன்.

"நீங்க ஊர் கூட்டிச் சொன்னதைத்தானே சொன்னேன்"னா. குத்தலாச் சொல்லல. கொஞ்ச தூரம் நடந்துட்டு அவளே சொன்னா: "புருசனை விட்டுட்டு வந்து இருக்கியே, அவர் எப்படின்னு கேக்குறாங்க மாமா. உங்களைப் பத்தி நல்லதா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். அதுதான் கிடைச்சுது."

ஸ்டாப்பு வந்துருச்சு. பஸ்ஸும் தூரத்துல வருது. ஏதாவது சொல்லணும், இப்பச் சொல்லலேன்னா இல்லன்னு தவிக்கிறேன். "எப்ப வர்ற?"ன்னேன்.

"எதுக்கு?"ன்னா.

எதுக்குன்னு கேக்குறா. அதுக்கு ஒரு பதில்தானே உண்டு? நீ இல்லாம வீடு வீடா இல்லன்னு சொல்லணும். நான் பண்ணது தப்புன்னு சொல்லணும். என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "மார்க்கெட்ல ஆர்டர் நிறைய நிக்குது"ன்னேன்.

அவ தலையை ஆட்டினா. "ஆர்டர் வந்தா போன் பண்ணுங்க, சொல்லித் தரேன்"னா. பஸ் வந்ததும் கூடவே ஏறி, பொட்டியை என் மடியில சரியா வச்சுட்டு, "ஆடாமப் பிடிச்சுக்கோங்க"ன்னு இறங்கிட்டா. ஜன்னல் வழியாப் பாத்தேன். நிக்காமத்தான் போனா. வேகமாப் போனா. அழுதாளான்னு எனக்குத் தெரியாது. அழுதிருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன் பாருங்க, அந்தப் புத்தியை என்ன சொல்ல?

தாராபுரம் தாண்டிருச்சு. உங்களையும் தூங்க விடாமப் பேசிக்கிட்டே வந்துட்டேன்.

என்ன? உங்களுக்கா?

டிரைவிங் ஸ்கூலா! அப்படியா, முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே. நாலு மெஷினா? லைசென்ஸ் பாரம் அடிக்கிறதுக்கும் ரசீது போடுறதுக்கும்தானே? அதுக்கு நம்ம மெஷின் தாராளம். திண்டுக்கல் என்ன, எங்க இருந்தாலும் கொண்டுவந்து இறக்கிருவேன். ரோட்டோர ஆபீசுன்னா தூசி வரும், அதுக்கு நம்மகிட்ட ஒரு வழி இருக்கு, நான் ஒருநாள் படுத்துக்கிட்டுக் கொசுவலையைப் பாத்து...

பாத்தீங்களா. தானா வருது. இவ்வளவு நேரம் உங்ககிட்டப் புலம்பினவன்தான். ஆர்டர்னு காதுல விழுந்ததும் வாய் தானாப் போகுது.

இல்லண்ணே. எனக்குக் கம்ப்யூட்டர் செய்யத் தெரியாது.

நிசமாத்தான். செய்யத் தெரியாது. மடியில இருக்குறதைப் பாக்காதீங்க, இதையும் அவதான் ஓட வச்சா. இந்தாங்க, என் கார்டு வேண்டாம், அதுல என் பேருதான் இருக்கும். போனை எடுங்க, நம்பர் சொல்றேன். போட்டுக்கிட்டீங்களா? பேரு வசுமதின்னு போடுங்க. இல்ல, "தண்டபாணி சம்சாரம்"னு போட வேண்டாம். வசுமதி மட்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல எடுப்பா.

நான் குடுத்தேன்னு சொல்லலாமான்னா... சொல்லுங்க. சொன்னா என்ன சொல்லுவாளோ தெரியாது. கடைக்குத் திரும்பி வருவாளான்னும் தெரியாது. அவ இருக்குற இடத்துலயே வச்சுச் செஞ்சு அனுப்புனாலும் அனுப்புவா. அதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. நடுவுல நான் வேண்டாம்.

நல்ல மெஷின்ணே. நம்பி வாங்கலாம். என்கிட்ட மாதிரி பேச்சு அதிகம் இருக்காது, கேட்டதுக்குப் பதில் வரும், அவ்வளவுதான். நீங்க எது கேட்டாலும் அவளுக்கே தெரியும்.